பத்து நிமிடத்துக்கு ஒன்று

கொலோன் பாலத்தின் மேல்
பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில்.
இரவும் பகலும், இரண்டு வாரத்துக்கு மேல்.
கோடு போட்டவர்களில் நானும் ஒருவன்.
சிவப்புப் பென்சில் படைக்கு,
நீலம் குதிரைக்கு,
பச்சை தீவனத்துக்கு.
ஒரு ரயில்கூடப் பிந்தவில்லை.
அதைச் சொல்லிக்கொள்ள
எனக்கு இன்னும் வெட்கம் வரவில்லை.

திட்டம் இரும்பு அலமாரியில் இருந்தது.
வசந்தந்தோறும் வெளியே எடுத்து
எண்களைத் திருத்தி
மறுபடி பூட்டுவார்கள்.
ஆறு வாரத்தில் மேற்கு முடியும்,
அதே ரயில்கள் கிழக்கே திரும்பும்.
ரஷ்யாக்காரன் மெதுவாகத்தான் வருவான்
என்று ஒரு கட்டம்.
பெல்ஜியம் முனகிவிட்டு வழிவிடும்
என்று ஒரு கட்டம்.
இங்கிலாந்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி,
அதையும் யாரோ அழித்த தடம்.

என் தாளில் ஆகன் வரைதான் தண்டவாளம்.
அதற்கப்பால் வெள்ளை.
"அங்கிருந்து கால்கள்" என்றார்
மேலதிகாரி டிட்மார் ப்ரோய்ல்,
கால்களுக்குப் பசியே கிடையாது என்பதுபோல.

என் தங்கை கணவன் வெண்டலின்
பீரங்கி வண்டிக்காரன்,
வலது கோடிப் படை.
கவராயத்தின் முள்கால்
குத்திய இடத்தில் நின்றுகொள்ளும்,
பென்சில் கால்தான் ஊரைச் சுற்ற வேண்டும்.
வெண்டலின் பென்சில் கால்.

அவன் எழுதினான்:
பாலங்களை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
சுரங்கப்பாதைக்குள் எஞ்சின்களை மோதவிட்டு
அடைத்திருக்கிறார்கள்.
எங்களுக்கும் கடைசி ரயிலுக்கும் நடுவே
நான்கு நாள் நடை.
தீவனம் வரவில்லை.
வயலில் நின்ற பச்சைக் கதிரில் மேயவிட்டோம்.
இரவில் வயிறு உப்பி
ஒவ்வொன்றாகப் படுக்கின்றன.
லோட்டே நேற்றுப் படுத்தாள்.
விடியும்வரை காதருகே கை வைத்திருந்தேன்.
தீவனம் எங்கே, லாம்பெர்ட்?

அதற்குக் கீழே ஒரு வரியை
அவனே அடித்திருந்தான்.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
*வீடுகளைக் கொளுத்தச் சொன்னார்கள்,
கொளுத்தினோம்.*

பதில் எழுதினேன்.
தீவனம் பதினொன்றாம் தேதி
மாலை நாலு இருபதுக்கு
எல்லையைக் கடந்துவிட்டது என்று.
அது உண்மை.

மாதக் கடைசியில் ஒரு தந்தி:
வலது கோடியிலிருந்து இரண்டு கோர்
உடனே கிழக்குக்கு.
ரஷ்யாக்காரன் கட்டத்தை வாசிக்கவில்லை போலும்.
அழகாகத்தான் வரைந்துகொடுத்தேன்.
கிழக்கே சண்டை முடிந்த பிறகு
அவர்கள் போய் இறங்கினார்கள்.
மேற்கே, மார்ன் ஆற்றங்கரையில்,
இரண்டு படைகளுக்கு நடுவே வாய் பிளந்தபோது
அதை அடைக்க ஆளில்லை.

செப்டம்பர் ஒன்பது. திரும்புங்கள் என்று உத்தரவு.
திரும்புவதற்கு
எந்த நிறமும் ஒதுக்கி வைக்கவில்லை நாங்கள்.
காயம்பட்டவர்களின் ரயிலை
சாதாரணப் பென்சிலால் வரைந்தேன்.
பத்து நிமிடக் கணக்கெல்லாம்
அப்போது யாரும் கேட்கவில்லை.

தங்கைக்கு ஒரு கடிதம் வந்தது,
என்னுடையதைவிட நல்ல கையெழுத்தில்.

அக்டோபரில், லீஜ் பக்கத்து ஒதுக்குத் தடத்திலிருந்து
ஒரு சரக்குப் பெட்டி திரும்பியது.
பச்சைக் கோடு, எண் 4417.
சீட்டில் என் கையொப்பம்.
தார்ப்பாய் கிழிந்து
இரண்டு மாத மழை உள்ளே இறங்கியிருந்தது.
பலகை இடுக்கெல்லாம்
ஒரு சாண் உயரத்துக்கு ஓட்ஸ் முளைத்திருந்தது.

ப்ரோய்ல் பேரேட்டைத் திறந்து
வெகுநேரம் நின்றார்.
இதை எந்தக் கலத்தில் எழுதுவது?
இழப்பு என்றால் விளைந்திருக்கிறது.
வரவு என்றால்
பெறுகிறவன் பெயர் வேண்டும்.

யார்டில் நிலக்கரி இழுக்கும் குதிரை,
போருக்கு ஆகாதென்று விட்டுப்போன கிழடு,
வண்டியோடு நகர்ந்து வந்து
இடுக்கில் மூக்கை நுழைத்தது.
காவல்காரன் சாட்டையை எடுத்தான்.
நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்,
அது மென்று முடிக்கும்வரை.
அன்றைக்கு மதிய ரயில்
என்னால் ஏழு நிமிடம் பிந்தியது.